யு.எஸ்.பி. துறையின் மின்திறனும் அச்சிற் பரவும் பிழைகளும்

தோற்றுவாய்

கணினியின் பக்கத்திலும் கைப்பேசியின் அடியிலும் சிறு வாயில் ஒன்று அமைந்திருத்தலை யாவரும் அறிவர். அதனை யு.எஸ்.பி. போர்ட் என உலகோர் வழங்குவர். கலங்கள் வந்தணையும் இடத்திற்கும் ஆங்கிலத்தில் அதே பெயர் உண்மையின், அவ்வாயிலைத் துறை எனக் கூறும் வழக்குத் தமிழிலும் தோன்றியுள்ளது. அவ்வழக்கையே யாமும் மேற்கொள்கின்றோம். இத்துறையில் இருவகைச் சரக்குகள் ஏறியிறங்குகின்றன. ஒன்று செய்தி, மற்றொன்று மின்சாரம். செய்தியின் போக்குவரவைப் பற்றிக் கணினி இதழ்கள் எழுதுவன பெரும்பாலும் திருத்தமாகவே உள்ளன. மின்சாரத்தைப் பற்றி எழுதும்போதோ, ஆங்கில இதழாயினும் தமிழ் இதழாயினும், அவை அடிக்கடி இடறுகின்றன.

இவ்விடறலால் விளையும் கேடு சிறிதன்று. ஒருவர் தம் கைப்பேசி எரிந்துபோம் என்றஞ்சி நல்ல மின்னேற்றியை ஒதுக்கிவிடுகின்றார். மற்றொருவர், செருகினாற் பொருந்துவதெல்லாம் ஒன்றே என நம்பி மலிந்த கேபிள் ஒன்றை வாங்கி, விலையுயர்ந்த கருவியை இழக்கின்றார். வீணான அச்சமும் வீணான நம்பிக்கையும் ஒரு பிழை ஈன்ற இரு பிள்ளைகளேயாம்.

விஞ்ஞான மாணவர் எழுதற்குரிய இப்பொருளைத் தமிழ் மாணவர் எழுதுவானேன் எனச் சிலர் வினவலாம். இப்பிழைகளை ஆராய்ந்து நோக்குவார்க்கு அவற்றிற் பெரும்பாலன கணக்குப் பிழைகளல்ல, சொற்பிழைகளே என்பது புலனாகும். ஒரு சொல்லுக்குரிய பொருளை மற்றொரு சொல்லின்மேல் ஏற்றிக் கூறுதலே இங்கு நிகழ்வது. சொல்லின் எல்லையை அறிந்து கூறுதல் எம்மனோர்க்கு நாள்தோறும் உரிய பயிற்சியாதலின், இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

நான்கு சொற்கள்

நம் வீடுகளில் வழங்கும் பேச்சினை முதற்கண் நோக்குவோம். விளக்கு அணைந்தவுடன் "கரண்டு போய்விட்டது" என்கின்றோம். தெருவில் அறுந்து தொங்குவதைக் "கரண்டுக் கம்பி" என்கின்றோம். இரு திங்கட்கொருமுறை செலுத்துவதைக் "கரண்டு பில்" என்கின்றோம். முதற்கூற்றில் அச்சொல் மின் வழங்கலைக் குறித்தது. இரண்டாவதில் தொட்டாரைக் கொல்லும் அழுத்தத்தை உடையதனைக் குறித்தது. மூன்றாவதிலோ செலவழித்த ஆற்றலைக் குறித்தது. இம்மூன்றனுள் ஒன்றேனும் கரண்டு என்னும் ஆங்கிலச் சொல்லின் உண்மைப்பொருளாகிய மின்னோட்டத்தை அளந்து கூறவில்லை. பேச்சுவழக்கில் இஃது இழுக்கன்று. ஆனால் இதே மயக்கம் அச்சேறுமாயின் தீங்கு பயக்கும்.

மின்னழுத்தம், மின்னோட்டம், மின்திறன், மின்னாற்றல் என்பன நான்கும் வெவ்வேறு பொருளுடையன. மாடியின்மேல் ஒரு நீர்த்தொட்டி இருப்பதாகக் கொள்வோம். தொட்டியின் உயரத்தால் நீர் அழுத்தம் பெறுதல் போன்றது மின்னழுத்தம். அதனை வோல்ட் என்னும் அலகால் அளப்பர். குழாய் வழியே ஒரு வினாடியில் எத்துணை நீர் ஓடுகின்றது என்பதைப் போன்றது மின்னோட்டம். அதன் அலகு ஆம்பியர். அதன் ஆயிரத்திலொரு கூறு மில்லியாம்பியர். அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்க வருவது மின்திறன்; அதன் அலகு வாட். அத்திறன் எவ்வளவு நேரம் தொழிற்பட்டது என்பதையும் சேர்த்துப் பெருக்க வருவது மின்னாற்றல். அதன் அலகுகளுள் ஒன்று வாட்-மணி. மின்சாரக் கட்டணச் சீட்டில் யூனிட் என்று காணப்படுவது 1,000 வாட்-மணியேயாகும்.

ஓர் எடுத்துக்காட்டினாற் காண்போம். 5,000 மில்லியாம்பியர்-மணி கொள்ளும் கைப்பேசி மின்கலத்தின் அழுத்தம் 3.85 வோல்ட் எனின், அதன் ஆற்றல் 19.25 வாட்-மணி. இடையில் நேரும் இழப்பை விட்டுக் கணக்கிட்டால், ஒரு யூனிட் மின்சாரத்தைக்கொண்டு அக்கைப்பேசியை 50 முறைக்குமேல் முழுதும் நிரப்பலாம். கைப்பேசியால் வீட்டுக் கட்டணம் பெருகுகின்றது எனக் கவலுறுவோர் இக்கணக்கைக் கண்டு ஆறுதல் எய்துவாராக.

துறையின் வரலாறு

யு.எஸ்.பி. விதிநூலின் முதற்பதிப்பு 1996-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்தது. காம்பாக், டெக், ஐ.பி.எம்., இன்டெல், மைக்ரோசாப்ட், என்.இ.சி., நார்ட்டெல் என்னும் ஏழு நிறுவனங்கள் கூடி அதனை ஆக்கின. இன்டெல் நிறுவனத்தில் இம்முயற்சிக்கு முன்னின்றவருள் சிறந்தவர் பரோடாவிற் கல்வி பயின்ற அஜய் பட் என்பவர். அதற்குமுன் விசைப்பலகைக்கு ஒரு வாயில், அச்சுப்பொறிக்கு ஒரு வாயில், சுட்டிக்கு ஒரு வாயில் எனக் கணினியின் பின்புறம் பலவகை வாயில்களால் நிறைந்திருந்தது. அவற்றையெல்லாம் ஒன்றாக்குதலே அவர்தம் நோக்கம்.

ஈண்டு ஒன்று கருதற்பாலது. மின்சாரம் வழங்குதல் இத்துறையின் தலையாய தொழிலாக அன்று எண்ணப்படவில்லை. விசைப்பலகை போன்ற சிறு கருவிகளுக்குத் தனி மின்கம்பி வேண்டாதபடி, செய்தி செல்லும் வடத்திலேயே 5 வோல்ட் மின்சாரமும் சிறிது செல்லுமாறு அமைத்தனர். பின்னர் மக்கள் அச்சிறு வழியிற் கைப்பேசியை இணைத்தனர், வட்டினை இணைத்தனர், இறுதியில் மடிக்கணினியையே இணைத்தனர். நடைவழியாக இட்டது வண்டிப்பாதையாயிற்று. வழி விரியுந்தோறும் விதிகளும் பெருகின. விதிகள் பெருகுந்தோறும் மயக்கமும் பெருகிற்று.

கேட்டலும் கொடுத்தலும்

இத்துறையின் இயல்பை ஒரே தொடரில் உரைப்பதாயின், அது மின்சாரத்தைத் திணிப்பதன்று. கேட்பார்க்குத் தன் எல்லைக்கு உட்பட்டுக் கொடுப்பது. இக்கருத்தை உளங்கொண்டார்க்குப் பிழைகளுட் பல தாமே அகலும்.

யு.எஸ்.பி. 2.0 என்னும் விதிநூல் 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன்படி, புதிதாக இணைந்த கருவி முதலில் 100 மில்லியாம்பியருக்குமேல் இழுத்தல் கூடாது. அது தான் இன்ன கருவி என்றும், தனக்கு இவ்வளவு வேண்டும் என்றும் கணினிக்கு அறிவித்தல் வேண்டும். கணினி இசைந்தபின்னரே 500 மில்லியாம்பியர் வரை பெறலாம். 5 வோல்ட்டில் 100 மில்லியாம்பியர் என்பது அரை வாட். 500 மில்லியாம்பியர் என்பது 2.5 வாட். 2008-ஆம் ஆண்டில் வந்த யு.எஸ்.பி. 3.0 இவ்வெல்லையை 900 மில்லியாம்பியராக, அஃதாவது 4.5 வாட்டாக உயர்த்திற்று.

இஃது ஏட்டிலுள்ள விதி. நடைமுறையிலோ, பழைய கணினிகள் பலவற்றில் இவ்வனுமதியைக் காக்கும் காவலன் இருந்ததில்லை. மிகுதியாக இழுத்தால் மின்னோட்டத்தைத் தடுக்கும் ஒரு காப்புறுப்பு மட்டுமே இருந்தது. ஆகவே, வாய்திறந்து ஒன்றும் கேட்கத் தெரியாத சிறு விசிறியும் விளக்கும்கூட அத்துறைகளில் ஓடின, எரிந்தன. அதனைக் கண்ட எழுத்தாளர் சிலர், "துறையில் 500 மில்லியாம்பியர் எப்பொழுதும் உண்டு" என்று எழுதிவிட்டனர். கதவு திறந்துகிடந்தமையால் நுழைய அனுமதி உண்டு எனக் கருதினமை போலும் இது.

கைப்பேசிகள் பெருகியபின் மின்னேற்றுதற்கென்றே தனி விதிகள் தோன்றின. 2010-ஆம் ஆண்டின் இறுதியில் வந்த மின்னேற்ற விதிநூலின்படி, சுவரிற் பொருத்தும் மின்னேற்றி தன் இரு செய்திக்கம்பிகளையும் உள்ளே ஒன்றாக இணைத்துவைத்திருக்கும். கைப்பேசி அதனைச் சோதித்து, "இது கணினியன்று, மின்னேற்றியே" எனத் தெளிந்து 1.5 ஆம்பியர் வரை இழுக்கும். சில நிறுவனங்கள் தமக்கெனத் தனிக் குறிகளையும் வகுத்துக்கொண்டன. அதனால், ஒரு நிறுவனத்துக் கைப்பேசி மற்றொரு நிறுவனத்து மின்னேற்றியில் மெல்ல ஏறியது. 2010-ஆம் ஆண்டில் ஐபேட் வெளிவந்தபோது, அதற்குரிய மின்னேற்றி 10 வாட் அளித்தது; சாதாரணக் கணினித் துறையோ 2.5 வாட்டே அளித்தது. ஆகவே அதனைக் கணினியில் இணைத்தோர் பலர் "மின்னேறவில்லை" என்னும் வாசகத்தைத் திரையிற் கண்டு திகைத்தனர். கருவியும் பழுதன்று, துறையும் பழுதன்று, கேட்ட அளவு கொடுப்பார் அங்கில்லை என்பதே உண்மை.

2012-ஆம் ஆண்டில் மின்திறன் வழங்கல் விதிநூலும், 2014-ஆம் ஆண்டில் டைப்-சி என்னும் புதிய வடிவமும் வந்தன. இவ்வடிவத்தில் 24 முனைகள் உள்ளன. எப்புறம் திருப்பிச் செருகினும் பொருந்தும். விதிப்படி அமைந்த டைப்-சி மின்னேற்றியில், மறுமுனையிற் கருவி உண்டென்று உணருமளவும் அழுத்தமே வாராது. உணர்ந்தபின் முதலில் வருவது 5 வோல்ட். இருபுறமும் செய்தி பரிமாறி, "9 வோல்ட் தருவேன், 15 வோல்ட் தருவேன், 20 வோல்ட் தருவேன்" என மின்னேற்றி தன் இருப்பைக் கூற, கருவி தனக்கு ஏற்றதைத் தெரிந்து வேண்ட, அதன்பின்னரே அழுத்தம் உயரும். தொடக்கத்தில் 100 வாட் எனவிருந்த பேரெல்லை, 2021-ஆம் ஆண்டில் 48 வோல்ட், 5 ஆம்பியர், அஃதாவது 240 வாட் என்றாயிற்று. அனுமதி கேளாமுன் கிடைத்த அந்த அரை வாட்டோடு ஒப்பிட்டால் இது 480 மடங்கு.

இதழ்களிற் காணும் பிழைகள்

இனி, இதழ்களில் மீண்டும் மீண்டும் தோன்றும் பிழைகளை வகைப்படுத்திக் காண்போம். எந்த இதழையும் பெயர்சுட்டிப் பழித்தல் எம் கருத்தன்று; பிழையின் இனத்தை அறிதலே வேண்டுவது.

முதலாவது, "1 ஆம்பியர் கைப்பேசியை 3 ஆம்பியர் மின்னேற்றியில் இணைத்தால் எரிந்துவிடும்" என்பது. மின்னேற்றியின்மேல் எழுதிய ஆம்பியர் எண் அது கொடுக்கவல்ல எல்லை; கொடுத்தே தீரும் அளவன்று. பந்தியில் அண்டா நிறையச் சோறு இருப்பதனால் உண்பான் வயிறு வெடிப்பதில்லை. அவன் வேண்டிய அளவே இலையில் வாங்குகின்றான். மாறாக, அண்டா சிறிதாகி உண்பார் பலராயின் இடர் உண்டு. ஒரே மின்னேற்றியில் இரண்டு மூன்று கருவிகளை இணைக்கும்போது அவை தம்முட் பங்கிட்டுக்கொள்ள நேரும். அஞ்சவேண்டிய எண் ஆம்பியரன்று, வோல்ட்டே. 5 வோல்ட் வேண்டும் கருவிக்கு, அது கேளாதிருக்க 20 வோல்ட் வந்தால் அழிவு உறுதி. அவ்வாறு வாராமற் காத்தற்கே மேற்கூறிய செய்திப் பரிமாற்றம் வகுக்கப்பட்டது.

இரண்டாவது, மில்லியாம்பியரையும் மில்லியாம்பியர்-மணியையும் ஒன்றாகக் கூறுதல். "5,000 மில்லியாம்பியர் பாட்டரி" என்று விளம்பரங்களிலும் கட்டுரைகளிலும் காண்கின்றோம். இது குளத்தின் கொள்ளளவை மதகின் ஓட்டத்தாற் கூறுதலை ஒக்கும். சிலர் அதனைத் திருத்தப் புகுந்து, "மணிக்கு 5,000 மில்லியாம்பியர்" என்று எழுதுவர். இது முன்னையதினும் பெரும்பிழை. மில்லியாம்பியர்-மணி என்னும் தொகையை நான்காம் வேற்றுமை கொடுத்து விரித்தல் ஆகாது. அஃது ஓட்டத்தையும் நேரத்தையும் பெருக்கிய பெருக்கம், வகுத்த ஈவன்று.

மூன்றாவது, பவர் பாங்க் என்னும் மின்சேமப் பெட்டியைப் பற்றியது. 10,000 மில்லியாம்பியர்-மணி என்று பெட்டியின்மேல் எழுதியிருக்கும். "இதனால் 5,000 கொள்ளும் கைப்பேசியை இருமுறை நிரப்பலாம்" என இதழ் எழுதும். வாங்கியவர் ஒருமுறைக்குமேற் சிறிதே நிரம்பக் கண்டு, கடைக்காரரோடு வழக்கிடுவர். உண்மை யாதெனின், அவ்வெண் உள்ளேயிருக்கும் 3.7 வோல்ட் மின்கலத்திற்கு உரியது. அதன் ஆற்றல் 37 வாட்-மணி. அதனை 5 வோல்ட்டாக உயர்த்தி வெளிவிடும்போது, இழப்பே இல்லையெனினும் 7,400 மில்லியாம்பியர்-மணிதான் வரும். மாற்றத்தில் நேரும் இழப்பினால் அதனினும் குறையும். அழுத்தம் மாறுமிடத்து மில்லியாம்பியர்-மணியை ஒப்பிடுதல் கூடாது. வாட்-மணியையே ஒப்பிடல் வேண்டும். விமானத்தில் உடன்கொண்டு செல்லும் மின்கலத்திற்குப் பொதுவாக 100 வாட்-மணி என எல்லை வகுத்திருப்பதும் இக்காரணம் பற்றியே. 3.7 வோல்ட் கணக்கில் அஃது ஏறத்தாழ 27,000 மில்லியாம்பியர்-மணியாகும்.

நான்காவது, வடிவம், பதிப்பு, வேகம், திறன் என்னும் நான்கையும் ஒன்றாக்கி மயங்குதல். "டைப்-சி துறை உள்ளது, ஆகவே விரைவாக மின்னேறும்" என்றும், "யு.எஸ்.பி. 3 ஆதலின் மடிக்கணினியையும் நிரப்பும்" என்றும் எழுதுவர். டைப்-சி என்பது வாயிலின் வடிவத்திற்குப் பெயர். பதிப்பெண் செய்தியின் வேகத்தைச் சார்ந்தது. மின்திறனோ வேறொரு விதிநூலாற் பெரும்பாலும் அமைவது. டைப்-சி வடிவுடைய துறை ஒன்று யு.எஸ்.பி. 2.0 வேகத்தில் மட்டும் செய்தி அனுப்பலாம். அதுவே 100 வாட் வழங்கவும் கூடும். மற்றொன்று மிக்க வேகமுடையதாயினும் சிறிதளவு மின்சாரமே தரலாம். ஒரே வடிவுடைய இரு பானைகளுள் ஒன்றில் மோரும் மற்றொன்றில் நீரும் இருத்தல் கூடாதோ? பானையின் வாயை நோக்கி உள்ளீட்டைக் கூறுதல் அறிவுடைமையன்று.

வடத்தின் பொறுப்பு

மின்னேற்றியையும் கருவியையும் பற்றி எழுதுவோர் இடையிலுள்ள வடத்தை மறந்துவிடுகின்றனர். கேபிள் என்பது வெறுங் கம்பியே என்பது பொதுமக்கள் எண்ணம். டைப்-சி வடத்திலோ அஃது ஒரு தூதுவனின் நிலையில் உள்ளது. தூதுவன் பொய் சொன்னால் இருபுறத்தார்க்கும் கேடு.

பழைய வடிவத் துறையிலிருந்து டைப்-சி கருவிக்குச் செல்லும் வடத்தினுள் 56,000 ஓம் அளவுள்ள மின்தடை ஒன்று அமைத்தல் வேண்டும் என்பது விதி. "இப்புறம் இருப்பது பழைய துறை, மிகுதியாக இழுக்கற்க" என்பது அதன் பொருள். சில உற்பத்தியாளர் அதற்குப் பதிலாக 10,000 ஓம் மின்தடையை வைத்துவிட்டனர். அதற்கோ, "3 ஆம்பியர் வரை இழுக்கலாம்" என்பது பொருள். கருவி அதனை நம்பி 3 ஆம்பியர் கேட்க, அத்துணை வழங்கும் ஆற்றலில்லாத துறை வெப்பமுற்றுக் கெடலாயிற்று.

இதனை வெளிப்படுத்தியவர் கூகுள் நிறுவனத்துப் பொறியியலாளராகிய பென்சன் லியூங் என்பவர். அவர் 2015-ஆம் ஆண்டின் இறுதி முதல், அமேசான் அங்காடியில் விற்கும் டைப்-சி வடங்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்து, விதிக்கு ஒத்தவை இவை, ஒவ்வாதவை இவை என அங்கேயே எழுதிவந்தார். 2016-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு வடத்தைச் சோதித்தபோது அவருடைய பிக்சல் மடிக்கணினியும் சோதனைக் கருவிகளும் பழுதுற்றன. அவ்வடத்தின் உட்புறத்தை ஆராய்ந்தபோது, மின்சாரம் வரும் கம்பியும் மீளும் கம்பியும் இடம் மாறி இணைக்கப்பட்டிருந்தமை புலனாயிற்று. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில், விதிக்கு ஒவ்வாத டைப்-சி வடங்களை விற்றலாகாது என அமேசான் தடைவிதித்தது. வடங்களை அறுத்தும் அளந்தும் பார்த்த ஒருவர்தம் உழைப்பு, விளம்பர வாசகங்களைப் பெயர்த்தெழுதிய பல கட்டுரைகளினும் மிக்க பயன் அளித்தமை நினைக்கற்பாலது.

பிழை வடத்தில் மட்டுமன்றிக் கருவியிலும் நேர்தலுண்டு. 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளிவந்த ராஸ்பெரி பை 4 என்னும் சிறு கணினியில், இரு முனைகளுக்கு இரு மின்தடைகள் அமைக்கவேண்டிய இடத்தில் ஒன்றையே பொதுவாக அமைத்துவிட்டனர். அதனால், அடையாளச் சில்லு பொருந்திய உயர்தர வடத்தால் இணைத்தபோது, மின்னேற்றி அக்கணினியை ஒலிக்கருவி என்று மயங்கி, மின்சாரம் தாராது நின்றது. எளிய வடத்தால் இணைத்தபோதோ அது நன்கு இயங்கிற்று. "விலையுயர்ந்த வடம் இயங்கவில்லை, மலிந்தது இயங்குகின்றது, ஆகவே மலிந்ததே நன்று" என இதனின்று முடிவுசெய்தல் எத்துணைப் பிழை! பிந்திய திருத்தத்தில் அவ்வமைப்புச் செம்மை செய்யப்பட்டது.

3 ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டத்திற்கு அவ்வடையாளச் சில்லு வடத்தினுள் இருத்தல் இன்றியமையாதது. அச்சில்லு, "யான் 5 ஆம்பியர் தாங்குவேன்" எனக் கூறினாலன்றி மின்னேற்றி அவ்வளவு கொடாது. ஆகவே, 100 வாட் மின்னேற்றியும் 100 வாட் மடிக்கணினியும் இருப்பினும், இடையிலுள்ள எளிய வடத்தால் 20 வோல்ட், 3 ஆம்பியர், அஃதாவது 60 வாட்டே செல்லும். இதனை அறியாதார் மின்னேற்றியைக் குறைகூறுவர்.

பிழைக்குக் காரணம்

இத்துணைப் பிழைகள் அச்சேறுதற்குக் காரணம் எழுதுவோரின் அறியாமை ஒன்றே எனல் நடுவுநிலையன்று. விதிநூல் ஆக்கியோரும் மயக்கத்திற்கு வித்திட்டனர். 2008-ஆம் ஆண்டில் யு.எஸ்.பி. 3.0 எனப் பெயரிட்ட வேகத்தை, 2013-ஆம் ஆண்டின் விதிநூல் வந்தபின் 3.1 முதல் தலைமுறை என்றனர். 2017-ஆம் ஆண்டின் விதிநூல் வந்தபின் அதனையே 3.2 முதல் தலைமுறை என்றனர். பொருள் ஒன்றே, வினாடிக்கு 500 கோடி பிட் என்னும் அதே வேகம். பெயரோ மூன்று. ஒருபொருட் பன்மொழி செய்யுட்கு அணியாகலாம். கடைப்பெட்டியின்மேல் அது குழப்பமே. இதனை உணர்ந்து, 2021-ஆம் ஆண்டில் வடங்களின்மேல் 60 வாட், 240 வாட் எனத் திறனையே பொறிக்கும் முத்திரைகளை வகுத்தனர். 2022-ஆம் ஆண்டில் வேகத்தையும் பதிப்பெண்ணாலன்றி அளவாலேயே குறிக்கத் தலைப்பட்டனர்.

இரண்டாவது காரணம் மொழிபெயர்ப்பு. பவர் என்னும் ஆங்கிலச் சொல் பேச்சில் மின் வழங்கலையும், நூலில் மின்திறனையும், சிலவிடத்து ஆற்றலையும் குறிக்கும். அதனைக் காணுமிடந்தோறும் ஒரே தமிழ்ச் சொல்லாற் பெயர்த்தாலும் பிழை. ஆராயாது வெவ்வேறு சொற்களாற் பெயர்த்தாலும் பிழை. திறன், ஆற்றல் என இரு வேறு சொற்களைத் தமிழ்ப் பாடநூல்கள் தெளிவாகப் பிரித்து வழங்குகின்றன. கையிலுள்ள அச்செல்வத்தை இதழ்கள் பயன்கொள்ளாமை வருந்தத்தக்கது.

மூன்றாவது, "வரை" என்னும் ஓர் இடைச்சொல்லை விட்டுவிடுதல். "240 வாட் வரை" என்பது விதிநூல். "240 வாட்" என்பது தலைப்பு. ஈரெழுத்து நீங்க, எல்லை அளவாகிவிடுகின்றது. இயலும் என்பது உண்டு என்றாகிவிடுகின்றது. இச்சொல்லின் வீழ்ச்சியே மேற்கூறிய பிழைகளுட் பாதிக்குத் தாயாகும்.

முடிவுரை

ஐரோப்பிய ஒன்றியம் 2022-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தின்படி, 2024 டிசம்பர் 28 முதல் அங்கு விற்பனைக்கு வரும் கைப்பேசிகள் டைப்-சி துறை உடையனவாதல் வேண்டும். மடிக்கணினிகளுக்கு அச்சட்டம் குறித்த நாள் 2026 ஏப்ரல் 28. கருவிக்கு வேண்டிய மின்திறன் இத்தனை வாட் முதல் இத்தனை வாட் வரை எனப் பெட்டியின்மேற் குறித்தலும் அச்சட்டத்துள் அடங்கும். வாயில் ஒன்றாகிவிட்டது, ஆனால் எல்லா வாயில்களும் ஒரே அளவு கொடுப்பனவாகிவிடவில்லை. ஆகவே வடிவின் ஒற்றுமையால் மயக்கம் குறையாது பெருகுதலும் கூடும். எண்களைப் படிக்கும் பழக்கம் முன்னையினும் இப்பொழுது மிகுதியாக வேண்டப்படுகின்றது.

ஒரு கட்டுரையைப் படிக்கும்போதும், ஒரு மின்னேற்றியை வாங்கும்போதும் நம் மாணவ நண்பர்கள் நான்கு வினாக்களை எழுப்புவாராக. இவ்வெண்ணுக்குரிய அலகு யாது? இது கொடுக்கும் அளவோ, கொடுக்கவல்ல எல்லையோ? எந்த மின்னழுத்தத்தில் இவ்வளவு? இடையிலுள்ள வடம் அதனைத் தாங்குமோ? இந்நான்கிற்கும் விடையிறுக்கும் கட்டுரை நம்பத்தக்கது. இவற்றுள் ஒன்றற்கேனும் விடை இல்லாதவிடத்து, அதனை ஐயத்துடன் படித்தலே முறை.

இதழாசிரியர்க்கும் ஒரு கடமை உண்டு. மருந்தின் அளவை அச்சிடுவோர் எத்துணை விழிப்புடன் இருப்பரோ அத்துணை விழிப்பு அலகுகளை அச்சிடுமிடத்தும் வேண்டும். பிழை நேர்ந்தால் அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் வெளியிடுதல் இதழுக்குப் பெருமையே தரும். படிப்போரும் பிழை கண்டவிடத்துச் சிரித்து விடாமல் ஓர் அஞ்சல் எழுதுதல் நன்று. விஞ்ஞானம் பயில்வார் எண்ணைத் திருத்த, தமிழ் பயில்வார் சொல்லைத் திருத்த, இருவரும் கூடி இவ்வுதவியைச் செய்யலாம். நம் கல்லூரியில் அவ்விரு வகுப்புகளுக்கும் இடையே உள்ள தொலைவு ஒரு தாழ்வாரமே.